அம்மன் திருமேனியில பூத்த பச்சைப் பவுடர்: நிலாவெளி வீட்டில செய்த வைத்தியம்

மாரி தொடங்கினா காணும், எங்கட சாமி அறையில இருக்கிற அம்மன்ட பீடத்தைச் சுத்தி வெளிர்பச்சையா ஒரு பவுடர் கொட்டிக் கிடக்கும். துணியால துடைச்சா போயிடும், கொஞ்ச நாளில திரும்ப வரும், துடைச்ச இடத்தில ஊசி முனையளவு குழி ஒண்டு தெரியும், அடுத்த மாரிக்கு அந்தக் குழி மிளகளவு ஆகியிருக்கும். இதை எப்பிடி நிப்பாட்டினன் எண்டதை விவரமா எழுதி வைக்கிறன், ஏனெண்டா திருகோணமலையில கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில இதே பச்சையை நான் நிறையப் பார்க்கிறன், எல்லாரும் செய்யிற வைத்தியமும் ஒண்டுதான், புளி போட்டுத் தேச்சு மினுக்கிறது, அந்த மினுக்கல்தான் திருமேனியைத் தின்னுது.

முதல்ல அம்மனைப் பற்றிச் சொல்லிடுறன். ஒரு சாண் உயரம்தான், ஆனா தூக்கினா கை தாழும், உடம்பு முழுக்கக் கனவார்ப்பு, எண்டா செம்புக் கலவை உள்ளுக்கு இடைவெளி இல்லாம நிறைஞ்சது, பீடம் மட்டும் அடியில குடைவா இருக்கும். நிக்கிற கோலம், இடுப்பு ஒரு பக்கம் ஒசிஞ்சு, வலது கை கடக முத்திரையில, அந்த விரலுக்கு நடுவில ஒரு பூக்காம்பு செருகிற அளவுக்கு ஓட்டை, இடது கை தொங்கல், தலையில கரண்ட மகுடம், பானையை அடுக்கின மாதிரி இருக்கிற முடி. அம்மம்மான்ட தகப்பன் கும்பகோணப் பக்கமிருந்து கொண்டுவந்தவர் எண்டு வீட்டில சொல்லுவினம், சுவாமிமலை வேலையா இருக்கலாம், சோழர் காலம் எண்டெல்லாம் நான் உரிமை கொண்டாட வரேல்ல. 2004 டிசம்பர் 26 கடல் வரேக்க சாமி அறை முழுக்கத் தண்ணி, அம்மன் சேத்துக்குள்ள கிடந்து எடுத்தது. எடுத்தவுடன கிணத்துத் தண்ணியில கழுவி, புளியும் உப்பும் போட்டுத் தேச்சு, திரும்ப வச்சது. அந்த நேரத்தில வேற என்னத்தைச் செய்யிறது, அம்மன் கிடைச்சதே பெரிய விசயம்.

இப்ப அந்தப் பச்சை என்ன எண்டதுக்கு வருவம். செம்பு கலந்த எந்தச் சாமானிலயும் களிம்பு பிடிக்கும், எல்லாக் களிம்பும் கெட்டதில்ல. கடும் பச்சையா, இல்லாட்டி மண்ணிறமா, நகத்தால சுரண்டினாலும் வராம இறுகிப் பிடிச்சிருக்கிற படலம் எண்டா அதைத் தொடவே கூடாது, அதுதான் உள்ளுக்கு இருக்கிற உலோகத்துக்குக் காவல். வெளிர்பச்சையா, பவுடரா, தட்டினா உதிருறதா, ஒரு சின்னக் குழிக்குள்ள இருந்து பொங்கி வாறதா இருந்தா அது வருத்தம். வெண்கல நோய் எண்டு மியூசியக்காரர் சொல்லுறது இதைத்தான்.

காரணம் உப்பு. கடல் உப்பில இருக்கிற குளோரைட்டு உலோகத்துக்குள்ள இறங்கி செம்போட சேர்ந்து செம்பு குளோரைட்டா படலத்துக்கு அடியில பதுங்கிக் கிடக்கும். காத்து காய்ஞ்சிருக்கும் வரைக்கும் ஒண்டும் செய்யாது. ஈரம் கூடினவுடன அது தண்ணியையும் ஒட்சிசனையும் பிடிச்சு அந்தப் பச்சைப் பவுடரா மாறும், மாறேக்க ஐதரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் வெளிய வரும், அந்த அமிலம் பக்கத்தில இருக்கிற நல்ல செம்பை அரிச்சுத் திரும்பவும் குளோரைட்டா ஆக்கும், அது திரும்பப் பச்சையாகும். உள்ளுக்குக் குளோரைட்டும் வெளிய ஈரமும் இருக்கிற வரைக்கும் இந்தச் சக்கரம் நிக்காது. காத்தில ஈரப்பதன் 42 முதல் 46 வீதத்தைத் தாண்டினா ஆபத்து எண்டு பாதுகாப்பு வேலை செய்யிறவை சொல்லுவினம், எங்கட சாமி அறையில மாரி காலத்தில மீற்றர் 80-க்குக் கீழ இறங்கிறதே அரிது.

இதோட புளியையும் உப்பையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்கோ. புளியில இருக்கிற அமிலம் மேல இருக்கிற காவல் படலத்தைக் கழட்டுது, உப்பு அந்தத் திறந்த உலோகத்துக்குள்ள புதுக் குளோரைட்டை ஏத்துது. ரெண்டு நாளைக்குத் தங்கம் மாதிரி மினுங்கும், அடியில நோய்க்குச் சாப்பாடு போட்டாச்சு. மினுக்கிற பேஸ்ட் வகையள் இன்னொரு விதம், அதுக்குள்ள நைஸான அராவு தூள் இருக்கு, ஒவ்வொரு தேப்புக்கும் மூக்கு நுனியும் புருவக் கோடும் கழுத்து நகையும் கொஞ்சம் கொஞ்சமா அழியும், போனது போனதுதான். குத்துவிளக்குக்கு அது பரவாயில்ல, முகம் இருக்கிற சாமிக்கு வேண்டாம்.

இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. மெட்ராஸ் அரசாங்க மியூசியத்தில இருக்கிற செப்புத் திருமேனியளுக்கும் இதே நோய் வந்துதான் 1930-ல அங்க ஒரு இரசாயனப் பாதுகாப்புக் கூடமே தொடங்கினவை, அதுவும் கடற்கரைப் பட்டினம்தானே. அவை அங்க மின்பகுப்பு முறையால செய்தவை, அது வீட்டில செய்யிற வேலை இல்ல, கறண்ட் கொஞ்சம் கூடினாலும் படலம் முழுக்கக் கழண்டு மொட்டையா நிக்கும். நான் தெரிஞ்செடுத்தது மெதுவான வழி, உப்பைக் கரைச்சு வெளிய எடுக்கிறது.

தொடங்க முதல் எங்கட ஐயரிட்டப் போனன். பூசையில இருக்கிற திருமேனி, நான் பாட்டுக்கு ஊசியைக் கொண்டு தொட ஏலாது. "ஐயா, அம்மன்ட பீடத்தில உப்பு அரிக்குது, கனநாள் தண்ணியில ஊறப்போட்டு எடுக்கவேண்டி வரும், செய்யலாமோ?" எண்டு கேட்டன். அவர் வந்து கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "தம்பி, தலை கை கால் முறிஞ்சா அது வேற கதை, புதுசு வார்க்கோணும், இது அப்பிடி இல்ல, தாராளமாத் திருத்தலாம், கும்பத்தில எழுந்தருளப் பண்ணிப்போட்டுத் தாறன், நீங்க வேலையை முடிச்சிட்டுச் சொல்லுங்கோ" எண்டார். அம்மாவுக்கும் அதோட மனம் நிம்மதி. கும்பம் சாமி அறையில இருக்க, அம்மன் என்ர மேசைக்கு வந்தா.

வேலைக்குச் சேர்த்த சாமான்: தலையில கட்டுற எல்ஈடி லைற், நகைக்கடைக்காரர் பாவிக்கிற கண்ணாடி, மெல்லிசான தையல் ஊசியள், மூங்கில் குச்சி, பழைய பேபி டூத்பிரஷ், சேர்ஜிக்கல் ஸ்பிரிட், கிளவுஸ், மாஸ்க், மூடி இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ரெண்டு, பற்றறிக்கு விடுற டிஸ்டில்ட் வாட்டர் கான் கணக்கில. மாஸ்க் கட்டாயம், இந்த வார்ப்புக் கலவையில ஈயமும் இருக்கு, அந்தப் பவுடரை மூச்சில இழுக்கக் கூடாது, சின்னப் பிள்ளையள் இருக்கிற இடத்தில துடைக்கவும் கூடாது. முதல் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தன், ஒவ்வொரு குழியையும் கிட்டவா எடுத்தன், பிறகு சமையல் தராசில நிறுத்துக் குறிச்சு வச்சன். எது பழைய குழி எது புதுக் குழி எண்டு பிறகு சண்டை பிடிக்காம இருக்க இது உதவும்.

எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் சந்தனமும் வருசக்கணக்கா இறுகி இருந்திச்சு, அதை ஸ்பிரிட்டில நனைச்ச பஞ்சால மெல்ல மெல்ல ஊறவச்சு எடுத்தன். இடுப்பில ஒரு மணிமேகலைக் கோர்வை இருக்கெண்டது எனக்கு அப்பதான் தெரியும், நான் பிறந்த நாளில இருந்து பார்க்கிற அம்மன், அந்தச் சங்கிலியை நான் பார்த்ததே இல்ல. தொடையில வாற உடுப்பு மடிப்பு ஒவ்வொண்டும் தனித்தனியா, முதுகுப் பக்கத்திலயும் முன்பக்கம் போலவே முடிச்ச வேலை. அலங்காரம் செய்து நிக்கேக்க முதுகை ஆரும் பார்க்கப் போறதில்ல, எண்டாலும் ஸ்தபதி அந்தப் பின்னலை ஒவ்வொரு இழையா இழைச்சிருக்கிறார், அதைப் பார்த்த பிறகு எனக்கு அவசரமா வேலை செய்ய மனம் வரேல்ல.

பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தா குடைவுக்குள்ள ரெண்டு விதமான மண். மேல சாம்பல் நிறத்தில மணல் கலந்த சேறு, அது 2004 கடல் விட்டுட்டுப் போனது, அதுக்குள்ள ஒரு சின்னச் சிப்பித் துண்டு கூட இருந்திச்சு. அதுக்கு அடியில, உலோகத்தோட ஒட்டிக் கறுப்பா, சுட்ட மண். அது வார்ப்பு நாளில இருந்து அங்கயே கிடக்கிறது. சுவாமிமலை முறை தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின மெழுகில உருவத்தைச் செய்வினம், தென்னோலையைத் தாள அளவுக்கு (சிற்பத்துக்கெண்டு இருக்கிற அளவு முறை) மடிச்சு அதாலதான் அளவு பார்ப்பினம், மெழுகு உருவத்துக்கு மேல முதல் பூச்சு காவேரி வண்டல், விரல் ரேகை கூடப் பதியிற அளவுக்கு மெல்லிசான மண், அதுக்கு மேல வயல்மண், பிறகு மணல் கலந்த மண், கம்பி சுத்திக் காய வச்சு, சூடாக்கி மெழுகை உருக்கி வெளிய விட்டு, அந்த வெற்றிடத்துக்குள்ள உருக்கின உலோகத்தை ஊத்துவினம். குடைவான பீடம் எண்டா உள்ளுக்கு ஒரு மண் கரு இருக்கும், அதுதான் இந்தக் கறுப்பு மண். ஒரு அச்சில ஒரு திருமேனிதான், அச்சை உடைச்சுத்தான் எடுக்கிறது, அதால அதே அம்மன் இன்னொருக்கா வராது.

அந்தக் கடல் சேறு முழுக்க மூங்கில் குச்சியால எடுத்து வீசினன், உப்பு ஊறிக் கொண்டிருந்ததே அங்க இருந்துதான். கறுப்பு மண்ணில உதிர்ந்த கொஞ்சத்தைச் சின்னப் போத்தலில போட்டு மூடிப் பெயர் எழுதி வச்சிருக்கிறன், மிச்சத்தைத் தொடேல்ல. வார்ப்பு மண்ணை வச்சு அது எப்ப சுட்டது எண்டு கணிக்கிற முறை ஒண்டு இருக்கு, என்னட்ட இல்லாட்டியும் எங்கட பிள்ளையளுக்கு ஆரும் செய்து குடுக்கலாம். பழைய திருமேனி வச்சிருக்கிற ஆக்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுவன், பீடத்துக்கு அடியில கிடக்கிற சுட்ட மண்ணைக் குப்பை எண்டு சுரண்டி எறியாதேங்கோ.

அடுத்தது குழிகள். இதுதான் கனநேரம் பிடிச்ச வேலை, கண்ணும் கழுத்தும் சரியா நோகும். லைற்றைக் கட்டிக் கொண்டு கண்ணாடிக்குள்ளால பார்த்தா ஒவ்வொரு குழியும் ஒரு அடுக்கு. மேல உதிருற வெளிர்பச்சை, அதுக்குக் கீழ செங்கல் நிறத்தில ஒரு மெல்லிய படை, அதையும் ஊசியால தூக்கினா அடியில சாம்பல் கலந்த நிறத்தில, மெழுகு போல, ஊசி இறங்கிற மென்மையான ஒரு சாமான். அதுதான் வேர், செம்பு குளோரைட்டு. பவுடரை மட்டும் துடைச்சுவிட்டா இது உள்ளுக்கு அப்பிடியே இருக்கும், அதாலதான் எவ்வளவு துடைச்சாலும் திரும்ப வந்தது. ஊசியைப் படுக்க வச்சு, குத்தாம, பக்கவாட்டில மெல்லக் கிளறிக் கிளறி எடுக்கவேணும், மினுங்கிற உலோகம் தெரிஞ்சவுடன நிப்பாட்டவேணும். பாதமும் பீடமும் சேருற விளிம்பில ஆறேழு, தாமரை இதழ்களுக்கு இடையில வரிசையா, இடது கை மணிக்கட்டில ஒண்டு. முகத்தில ஒண்டும் இல்ல, அதைப் பார்த்துக் கும்பிட்டன்.

சைவ சித்தாந்தத்தில ஆணவ மலத்தை, உயிரை மறைக்கிற அழுக்கை, செம்பில் களிம்பு எண்டு சொல்லுறது, செம்பு உண்டான நாளிலயே கூடப் பிறந்தது எண்டு. சின்ன வயசில சமய பாடத்தில மனப்பாடம் பண்ணினது. ஊசி நுனியில அந்தச் சாம்பல் மெழுகைப் பார்க்கேக்க அந்த உதாரணத்தைச் சொன்ன பெரியவை உலோகத்தை எவ்வளவு கிட்ட இருந்து பார்த்திருக்கவேணும் எண்டு நினைச்சன்.

கிளறி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத குளோரைட்டு கன இடத்தில இருக்கும், அதுக்குத்தான் ஊறல். சோடியம் செஸ்குயிகாபனேற்று எண்டு ஒரு கரைசல், 5 வீதம். கடையில அந்தப் பெயரில கிடைக்காது, ரெண்டு சாமானைக் கலந்தா அதுதான்: 1 லீற்றர் டிஸ்டில்ட் வாட்டருக்கு 28 கிராம் நீரற்ற சோடியம் காபனேற்று, அதுதான் வோஷிங் சோடா, 22 கிராம் அப்பச்சோடா. காரமான கரைசல் வெளிய வாற குளோரைட்டைப் பிடிச்சுக் கரைக்கும், அமிலத்தையும் அடக்கும். திருமேனியை முழுக்க மூடுற மாதிரி ஊத்தி, டப்பாவை மூடி, கிழமைக்கு ஒருக்கா கரைசலை மாத்தவேணும். இதில ஒரு குறை இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது, கனகாலம் ஊறினா இது கொஞ்சம் நல்ல செம்பையும் கரைக்கும், கரைசல் நீலம் பாயத் தொடங்கும், படலத்தின்ட நிறமும் மாறலாம். அதால நீலம் கடுமையாகுதோ எண்டு ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும், தேவைக்கு மேல ஒரு நாளும் ஊறவிடக் கூடாது.

எப்ப போதும் எண்டு எப்பிடித் தெரியும்? இங்கதான் ஏஎல் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற என்ர மச்சான் வந்தான். ஊறின கரைசலில கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில எடுத்து, முதல் நைத்திரிக் அமிலம் ஐதாக்கினதை விடவேணும், பொங்கி நுரைச்சு அடங்கும் வரைக்கும். பிறகு வெள்ளி நைத்திரேற்று ரெண்டு துளி. குளோரைட்டு இருந்தா வெள்ளையாக் கலங்கும். அந்த அமிலத்தை விடாம நேர வெள்ளி நைத்திரேற்றை விட்டா காபனேற்றும் சேர்ந்து வீழ்படிவாகும், குளோரைட்டே இல்லாட்டியும் இருக்கிற மாதிரிக் காட்டும், ஆகவே இந்த ஒழுங்கு முக்கியம். ரெண்டும் கையில பட்டா பொல்லாதது, வெள்ளி நைத்திரேற்று பட்ட தோல் கறுத்துப் போய்க் கனநாள் நிக்கும், தெரிஞ்ச ஆள் ஒருத்தரை வச்சுச் செய்யுங்கோ.

முதல் கரைசல் தேங்காப்பால் விட்ட மாதிரிக் கலங்கிச்சு. மச்சான் சும்மா இருக்காம எங்கட கிணத்துத் தண்ணியையும் ஒரு குழாயில எடுத்து விட்டுப் பார்த்தான், அதுவும் உடன வெள்ளை. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் கண்ணாடி போல நிண்டிச்சு. அம்மா மூண்டு குழாயையும் வரிசையா வச்சுப் பார்த்திட்டுச் சொன்னா, "அப்ப நான் இவ்வளவு காலமும் அம்மனைக் கழுவினது உப்புத் தண்ணியிலயே தம்பி". அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவைப்படேல்ல. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கிணறு வச்சிருக்கிற ஆக்களுக்கு வாயில வச்சாலே தெரியும், ஆனா அந்தக் குழாயைக் கண்ணால பார்க்கிறது வேற.

கிழமைக்குக் கிழமை கலங்கல் குறைஞ்சு கொண்டு வந்திச்சு, கடைசியா புதுக் கரைசலுக்கும் ஊறின கரைசலுக்கும் வித்தியாசம் தெரியாத நிலை வந்தவுடன எடுத்திட்டன். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில மாத்தி மாத்தி அலசல், சோடா மிச்சம் இருந்தா அது வேற உப்பாப் பூக்கும். அலசல் முடிய ஸ்பிரிட்டில ஒரு முழுக்கு, தண்ணியை இழுத்து எடுக்க. இந்தக் காய வைக்கிற கட்டம் சரியா கச்சான் காத்து அடிக்கிற நேரத்துக்கு வாற மாதிரி முதலே கணக்குப் பார்த்துத்தான் தொடங்கினன், அந்தச் சூட்டுக் காத்தில மத்தியானம் எங்கட வீட்டில உப்புப் போத்தல் கூடக் கட்டிப்படாம இருக்கும். மரப்பெட்டிக்குள்ள ஒரு 60 வாட் பல்ப் போட்டு, அதுக்குள்ள அம்மனை வச்சு, சூடு கை தாங்குற அளவில நல்லா உலர விட்டன்.

காய்ஞ்சது எண்டு நம்பி உடன பூச்சுப் பூசக் கூடாது, சோதிக்கவேணும். மூடின டப்பாவுக்குள்ள நனைச்ச பஞ்சு ஒரு சின்னத் தட்டில, பக்கத்தில தண்ணி படாம திருமேனி, ரெண்டு நாள். உள்ளுக்குக் குளோரைட்டு மிஞ்சியிருந்தா இந்த ஈரத்தில வெளிய வந்தே தீரும். ரெண்டு இடத்தில வந்திச்சு, மணிக்கட்டிலயும் இடது பாதத்துக்குக் கீழயும், குண்டூசித் தலையளவு. திரும்ப ஊறப்போட்டா நல்ல படலமும் சேர்ந்து பழுதாகும் எண்டபடியா அந்த ரெண்டு இடத்துக்கும் மட்டும் வெள்ளி ஒட்சைட்டு வைத்தியம் செய்தன். கறுப்புக் கலந்த மண்ணிறத் தூள் அது, மச்சான் லாப்பில செய்து குடுத்தான். குழியைத் திரும்ப நல்லாக் கிளறி, ஸ்பிரிட்டில குழைச்ச தூளை மூங்கில் குச்சி நுனியால அதுக்குள்ள அடைக்கிறது. அது செம்பு குளோரைட்டோட சேர்ந்து வெள்ளி குளோரைட்டா மாறிக் குழி வாயை அடைச்சிடும், ஈரம் உள்ளுக்குப் போக வழி இருக்காது. திரும்ப ஈர டப்பா, திரும்பக் கண்ணாடி வச்சுப் பார்த்தா மணிக்கட்டு சரி, பாதத்தில இன்னும் ஒரு துளி, அதுக்கு இன்னொருக்கா. அடைச்ச இடம் மண்ணிறப் பொட்டா நிக்குது, தள்ளி நிண்டு பார்த்தா தெரியாது.

மியூசியங்களில பென்சோட்ரையசோல் எண்டு ஒண்டு, 3 வீதம் அல்கஹோலில கரைச்சு ஊறவிடுவினம், செம்பை நல்லாக் காக்கும். அது உடம்புக்கு நல்லதில்ல, புகைபோக்கி இல்லாத வீட்டில நான் அதைத் தொட விரும்பேல்ல. தினம் கையெடுத்துத் தொட்டுக் கும்பிடுற திருமேனிக்கு அது வேணுமோ எண்ட கேள்வியும் இருக்கு. நான் போட்டது மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு மட்டும், வெளிநாட்டில இருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் கொண்டு வந்தது. பல்ப் பெட்டியில கொஞ்சம் சூடாக்கி, பஞ்சில மெல்லிசாத் தொட்டுப் பூசி, ஆறினவுடன பருத்தித் துணியால தடவினா காணும். தேன்மெழுகு வீட்டிலயே கிடைக்குமே எண்டு கேப்பீங்க, அதில கொஞ்சம் அமிலத் தன்மை இருக்கு, இந்த வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டன்.

முடிஞ்சு மேசையில வச்சவுடன அம்மா கேட்டது, "ஏன் தம்பி மினுங்கேல்ல?" எண்டுதான். அம்மன் இப்ப கடும் மண்ணிறம், மடிப்புகளில கொஞ்சம் பச்சை, பீடத்தில குழியள். நான் லைற்றைப் பக்கவாட்டில பிடிச்சுக் காட்டினன், மூக்கு, கீழ் உதடு, கழுத்தில மூண்டு வரி, காதுக் குழை, அந்த மணிமேகலை. பார்த்துக் கொண்டே இருந்தா, பிறகு மினுக்கத்தைப் பற்றிக் கேக்கவே இல்ல.

எங்கட கோணேசர் கோயில் திருமேனியளை நினைச்சுப் பார்க்காம இந்த வேலையைச் செய்ய ஏலாது. 1620-களில போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினது எல்லாருக்கும் தெரியும். 1950-ல கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் எண்டு செப்புத் திருமேனியள் வெளிப்பட்டது, கோயிலுக்குத் திரும்பினது, பிறகு 1963 கும்பாபிஷேகம். பொலன்னறுவையில 20-ம் நூற்றாண்டில தோண்டேக்க வந்த நடராசரையும் சுந்தரமூர்த்தி நாயனாரையும் காரைக்கால் அம்மையாரையும் கொழும்பு மியூசியத்தில பார்க்கலாம். மண்ணுக்குள்ள கிடக்கேக்க ஒட்சிசன் குறைவு, ஒரு மாதிரி அடங்கிப் போய்க் கிடக்கும். வெளிய எடுத்து ஈரக் காத்துப் பட்டவுடனதான் உள்ளுக்குக் கிடந்த உப்பு வேலையைத் தொடங்கும். ஆகவே ஆரும் காணி துப்புரவாக்கேக்க, கிணறு தூர் வாரேக்க ஒரு பழைய திருமேனி கண்டா உடன கழுவித் தேச்சு மினுக்காதேங்கோ, மண்ணோடயே உலர விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ, சட்டமும் அதுதான்.

பூசையைப் பற்றி ஐயரோட திரும்பக் கதைச்சன். இளநீரிலயும் உப்புச் சத்து இருக்கு, பஞ்சாமிர்தமும் தேசிக்காய்ச் சாறும் மடிப்புக்குள்ள போய் ஒளிச்சிருக்கும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அபிஷேகம் எண்டா நான் செய்ததெல்லாம் வீண். அவர் உடன ஒரு வழி சொன்னார். சுதையிலயும் சித்திரத்திலயும் இருக்கிற மூர்த்தங்களுக்கு முன்னால கண்ணாடியை வச்சு, அந்தக் கண்ணாடியில விழுற விம்பத்துக்கு அபிஷேகம் செய்யிறது ஆகமத்தில இருக்கிற முறைதான், இந்த அம்மனுக்கும் அப்பிடியே செய்யலாம் எண்டார். இப்ப அதுதான் நடக்குது, வெண்கலத் தட்டத்தில கண்ணாடி, அதில அம்மன்ட முகம், அம்மா அதுக்கு மேல பாலை ஊத்துறா. நவராத்திரிக்கு மட்டும் அம்மனுக்கே டிஸ்டில்ட் வாட்டரால, ஊத்தி முடிஞ்சவுடன துடைச்சு, பல்ப் பெட்டியில உலர்த்தி, ஒரு கை மெழுகு. சந்தனப் பொட்டு நேர வைக்கிறதில்ல, சின்ன வெள்ளித் தகட்டில வச்சு நெத்தியில ஒட்டுறம். பூ கை ஓட்டையில செருகினா அண்டைக்குப் பின்னேரமே எடுத்திடவேணும், வாடின பூ ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

இருப்பிடம் இப்ப கண்ணாடி அலுமாரி, கதவு விளிம்புக்கு ரப்பர் பீடிங், உள்ளுக்குச் சின்ன ஈரப்பத மீற்றர், கீழ்த் தட்டில சிலிக்கா ஜெல் துணிப் பையில. நிறம் மாறுற வகையை வாங்குங்கோ, ஈரம் குடிச்சு நிறம் மாறினவுடன அவணில 120 பாகையில கொஞ்சநேரம் வச்சா திரும்ப வேலை செய்யும், எங்கட வீட்டில மாரியில அடிக்கடி மாத்தவேண்டி வருது, மற்ற நேரம் தேவையே இல்ல. போன மாரியில வெளிய மீற்றர் 88 காட்டேக்க அலுமாரிக்குள்ள 40-ஐ ஒட்டி நிண்டிச்சு, பீடத்தைச் சுத்தி விரிச்ச கறுப்புத் துணியில பச்சைத் தூள் ஒண்டும் விழேல்ல. இடது பாதத்துக்குக் கீழ அடைச்ச அந்தக் குழியை மட்டும் மாசத்துக்கு ஒருக்கா கண்ணாடி வச்சுப் பார்த்து, பழைய போட்டோவோட ஒப்பிட்டுக் கொண்டு வாறன், இந்த வருசம் மாரி முடிய அதையும் திரும்ப ஒருக்கா ஈர டப்பாவில வச்சுச் சோதிக்கவேணும்.